அப்பா குடித்த டப்பா

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நலம் என்ற வார்த்தையை எல்லாரும் முதல் வரியிலேயே எழுதிவிடுகிறார்கள், எனக்கு அதை எழுத இந்த வாரம்தான் தைரியம் வந்தது, கடிதம் தாமதமானதற்கு அதுதான் காரணம். இப்போது நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, சளி இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் சொன்னால் அப்பா பக்கத்தில் நின்று திருத்திக்கொண்டே இருப்பார். இப்போது கடைக்குப் போயிருக்கிறார், அதற்குள் எழுதிவிடுகிறேன்.

புது வாஷிங் மெஷின் வாங்கினோம் என்று சொன்னேன் அல்லவா. கொண்டுவந்த ஆட்கள் கீழ்வாசலில் இறக்கிவிட்டு, மாடி ஏற்றுவது எங்கள் வேலை இல்லை என்று போய்விட்டார்கள். ஊரில் உள்ள கட்டடத்துக்கெல்லாம் லிஃப்ட் பழுது பார்த்தே தலை நரைத்த மனுஷனுக்கு, லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடியில் வீடு, அது தலையெழுத்து. பக்கத்து வீட்டு டிரைவரைக் கூப்பிட்டு, "நீ சும்மா ஒரு கை குடு, மீதிய நான் பாத்துக்கிறேன்" என்றார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் அப்பாவின் கைகள் வேலைநிறுத்தம் செய்துவிட்டன. மெஷின் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. மறுநாள் கூலிக்கு ஆள் வைத்து ஏற்றும்வரை எல்லாரும் வயிற்றை எக்கிக்கொண்டு அதைத் தாண்டிப் போனார்கள். கீழ்வீட்டு டீச்சர் என்னிடம், "பொதுவுக்கு வெச்சிருக்கீங்கன்னா நானும் ரெண்டு போர்வை போட்டுக்கட்டுமா" என்று கேட்டாள். அதில்தான் அப்பாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

தெருமுனையில் இருக்கும் ஜிம்மில் சேர்ந்தார். அங்கே பயிற்சி கொடுக்கிற பையனைத் தண்டால் என்றுதான் எல்லாரும் கூப்பிடுகிறார்கள், கழுத்தே கிடையாது, தலையைத் தோளில் நேரே நட்டு வைத்த மாதிரி இருப்பான். அவன் பயிற்சியும் கொடுப்பான், பவுடரும் விற்பான். பெயிண்ட் டப்பா அளவில் ஒரு புரோட்டீன் டப்பா, சாக்லேட் வாசனை. கூடவே கிரியேட்டின் என்று ஒரு குட்டி டப்பா, அதில் வெள்ளைப் பொடி. ஒரு வேளைக்கு ஒரு கரண்டி என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறது. உன் அப்பா அதைப் படித்துவிட்டு, "இது வயசுப் பசங்களுக்கு எழுதினது, என் வயசுக்கு டபுள் போடணும்" என்று கணக்குப் போட்டார். இரண்டையும் கலக்கி மூன்று வேளையும் குடித்தார், சாப்பாட்டுக்கு மேலே குடித்தார். சதை வந்ததோ இல்லையோ, காற்று வந்தது. எப்படிப்பட்ட காற்று என்று கடிதத்தில் எழுத முடியாது, டிரைவர் வீட்டில் அந்தப் பக்கத்து ஜன்னலை மூடிவிட்டார்கள் என்பதோடு நிறுத்துகிறேன். இவரோ குளியலறைக் கண்ணாடி முன்னால் கையை மடக்கி மடக்கிப் பார்ப்பார், "தொட்டுப் பாரு, கல்லு மாதிரி இருக்கு" என்பார். தொட்டால் எலும்புதான் கல் மாதிரி இருந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் வருஷா வருஷம் எடுக்கிற ரத்தப் பரிசோதனை வந்தது. கிரியாட்டினின் ஏறியிருக்கிறது என்றார்கள். அது கிட்னி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கிற அளவு என்று லேப்காரர் சொல்லிவிட்டு, மீதியை டாக்டரிடம் கேளுங்கள் என்று அனுப்பிவிட்டார். அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, டூல் பெட்டியை டிரைவருக்குக் கொடுத்துவிடு, கைக்கடிகாரம் பாப்பாவுக்கு, அதாவது உனக்கு, என்று பங்கு பிரிக்க ஆரம்பித்தார். எனக்கு என்ன என்று கேட்டேன். "உனக்குத்தான் வாஷிங் மெஷின் இருக்கே" என்றார். அப்போது சிரித்துவிட்டேன். பிறகு துணி துவைக்கிற சாக்கில் அந்த மெஷினைப் போட்டுவிட்டு, அது போடுகிற சத்தத்தில் அழுதேன். அந்த வாரம் நீ கூப்பிட்டபோது சரியாகக் கேட்கவில்லை என்று போனை வைத்தேனே, நன்றாகத்தான் கேட்டது.

டாக்டர் உன் வயசுப் பெண். வேறு ஏதாவது மருந்து, பொடி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்று இவர் கூசாமல் சொன்னார். நான் பையிலிருந்து இரண்டு டப்பாவையும் எடுத்து மேஜையில் வைத்தேன். அப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, காட்டிக்கொடுத்த பாவி என்கிற மாதிரி. டாக்டர் வெள்ளைப் பொடியைக் கையில் எடுத்து, கிட்னி நன்றாக இருந்தாலும் இதைச் சாப்பிட்டால் அந்த அளவு ஏறலாம், உண்மையிலேயே கோளாறாகவும் இருக்கலாம், இப்போதே சொல்ல முடியாது, இரண்டையும் நிறுத்திவிட்டுச் சில வாரம் கழித்து ரத்தமும் சிறுநீரும் பார்ப்போம் என்றாள். கிரியேட்டின், கிரியாட்டினின், பேரைப் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கிறதே என்று எனக்கு முன்பே தோன்றியது, யாரிடம் கேட்பது. முட்டை, பருப்பு, மீன், பால் இதிலேயே வேண்டியது கிடைக்கும், பவுடர் அவசரத்துக்குத்தான், அதுவும் கேட்டுவிட்டுத்தான் என்றாள். பிறகு இவரிடம், "இந்த டப்பாவத் தூக்கி எறக்கினா சதை வரும் சார், கலக்கிக் குடிச்சா மட்டும் வராது" என்றாள்.

அந்தச் சில வாரம் எப்படிப் போனது என்று கேட்காதே. அவர் கண்ணாடிப் பக்கமே போகவில்லை, நான் திட்டவும் இல்லை, வீடு வீடாகவே இல்லை. போன வாரம்தான் முடிவு வந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது, கிட்னிக்கு ஒன்றும் இல்லை. அப்பாடா என்று நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன். டாக்டர் என்னையே பார்த்துவிட்டு, கையை ஊன்றாமல் எழுந்திருங்கள் அம்மா என்றாள். என்னால் முடியவில்லை. திரும்பவும் முயன்றேன், முடியவில்லை. காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள், டீ என்றேன். நேற்று என்றாள், மிச்சம் இருந்தது என்றேன். "சதை வேண்டியது சாருக்கு இல்லம்மா, உங்களுக்கு" என்றாள். உன் அப்பா முகத்தில் இவ்வளவு நாள் கழித்து அப்போதுதான் வெளிச்சம் வந்தது, கொஞ்சமாவது வெட்கப்பட வேண்டாமா.

இப்போது காலையில் அவர்தான் முட்டை அவிக்கிறார், நான் விழுங்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். சாயங்காலம் ஜிம்முக்குக் கூட்டிக்கொண்டு போய் வெளியே பெஞ்சில் என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். தண்டால் என்னிடமும் டப்பாவை நீட்டினான். "தம்பி, எங்க வீட்டுப் பங்கு உங்களுக்கு வந்து சேந்தாச்சு" என்றேன், அதோடு விட்டுவிட்டான்.

உன் சங்கதிக்கு வருகிறேன். அன்றைக்கு வீடியோவில் உன் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் மூன்று டப்பா தெரிந்தது. பூஞ்சாடி என்றாய். பூஞ்சாடிக்குள் யாரடி கரண்டி போட்டு வைப்பார்கள். குடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, சமைக்கச் சோம்பல்பட்டுச் சாப்பாட்டுக்குப் பதில் அதையே குடிக்காதே. ஒரு டாக்டரிடம் டப்பாவோடு போய்க் காட்டு, அப்பா மாதிரி ஒன்றும் இல்லை என்று பொய் சொல்லாதே.

எந்த நோவும் அண்டாமல், நினைத்ததெல்லாம் கைகூடி நீ நல்லபடியாக இருக்க வேண்டும், எங்கள் இருவர் ஆசியும் உன் கூடவே இருக்கும். டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல்ல மறந்துவிடாதே. பெட்டி கனமாக இருந்தால் இருக்கட்டும், மாடிக்கு நான் தூக்கிக்கொண்டு வருகிறேன், அப்பாவிடம் உன் கைப்பையை மட்டும் கொடு.

இப்படிக்கு,
உன் அம்மா