வாணியின் நெஞ்சுக்குள் ஒரு மிஷின்

என் உசிரான மாமாவுக்கு,

நம் மகள் வாணி ஆறாவது படிக்கும்போது போனீர்கள். இப்போது அவள் காலேஜே முடித்துவிட்டாள். உங்களிடம் மட்டும் சொல்லக்கூடிய ஒன்று இருக்கிறது. வேறு யாரிடம் சொன்னாலும் என் பயம் அவள் காதுக்குப் போய்விடும்.

ஹார்பரில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தீர்கள். குடி இல்லை, பீடி இல்லை, நாற்பது வயசுகூட ஆகவில்லை. நோய்நொடி இல்லாமல் போன புண்ணியவான் என்றார்கள். ஏன் போனீர்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

போன சித்திரையில் திருவொற்றியூர் தேரடியில் வாணி மயங்கி விழுந்தாள். வெயில் என்றுதான் நினைத்தேன். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா முதலில் விசாரித்தது உங்களைப் பற்றி. நீங்கள் போன விதத்தைச் சொன்னேன். அப்பாவுக்கு இருந்ததுதான் மகளுக்கும் வந்திருக்கும் என்றார். இதயத்தின் தசை தடித்திருக்கிறதாம். திடீரென்று தாளம் தப்பி நின்றுவிடுமாம். அவளுக்கு உங்கள் மூக்கு என்று எத்தனை பேரிடம் பெருமையடித்தேன்! இதையுமா மாமா கொடுத்துவிட்டுப் போனீர்கள்?

இடது பக்கம் காறையெலும்புக்குக் கீழே தோலைக் கிழித்து ஒரு சின்ன மிஷின் வைப்பார்களாம். அதிலிருந்து ஒரு ஒயர் இதயத்துக்குள் போகுமாம். தாளம் தப்பினால் அதுவே ஷாக் கொடுத்துத் திருப்புமாம். இனிமேல் சர்க்கரைக்கு, காதுக்கு, மூளைக்கு என்று எல்லாவற்றுக்கும் உடம்புக்குள் மிஷின் வரும், பயப்படாதீங்க என்று டாக்டரம்மா தைரியம் சொன்னார். கரண்டைப் போய் யாராவது பெற்ற பிள்ளையின் நெஞ்சில் வைப்பார்களா? வேண்டாம் என்று எழுந்துவிட்டேன்.

வாணி எழுந்திருக்கவில்லை. டாக்டரைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

"எங்க நைனாவுக்கு இத வெச்சிருந்தா, இன்னிக்கு இருந்திருப்பாரா?"

"இருந்திருக்கலாம்மா" என்றார் அவர்.

நான் திரும்ப உட்கார்ந்துவிட்டேன்.

வைத்தாகிவிட்டது. வெல்டிங் நடக்கிற பக்கம் போகக் கூடாது, செல்போனை இடது சட்டைப் பையில் வைக்கக் கூடாது என்றார்கள். பக்கத்து வீட்டில் அவளைத் தொட்டால் நமக்கும் ஷாக் அடிக்குமா என்று கேட்கிறார்கள். எனக்கு வேறு பயம். அது வேண்டாத நேரத்தில் அடித்துவிட்டால்? வேண்டிய நேரத்தில் அடிக்காமல் போனால்? சில வருஷத்தில் பேட்டரி தீர்ந்துவிடும், மறுபடி அறுக்க வேண்டும் என்கிறார்கள். அப்போது நான் இல்லாவிட்டால் யார் கூடப் போவார்கள்?

போன மாதம் டோல்கேட்டில் பஸ்ஸுக்கு நின்றோம். பேசிக்கொண்டே இருந்தவள் கண் செருகி என்மேல் சாய்ந்தாள். தாங்கிப் பிடிப்பதற்குள் அவள் உடம்பு ஒரு தடவை தூக்கிப் போட்டது. போய்விட்டாள் என்றே நினைத்தேன் மாமா. கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"யாரோ நெஞ்சுல எட்டி ஒதைச்ச மாதிரி கீதும்மா" என்றாள்.

மிஷின் அவளைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டது. உங்களுக்கு அந்த உதை கிடைக்கவில்லையே என்று அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். பஸ் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

அன்றிலிருந்து ஆஸ்பத்திரிக்குத் தவிர அவள் வெளியே போகவில்லை. மறுபடி எப்போது உதைக்குமோ என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். நானும் அதுதான் நல்லது என்று கதவைச் சாத்தியே வைத்திருந்தேன். டாக்டரம்மா மிஷினைச் சோதித்து, மாத்திரையை மாற்றி, வேலைக்குப் போகலாம் என்று சொல்லியும் நான் விடவில்லை. நேற்று அவளே செருப்பை எடுத்துத் துடைத்தாள். பாரிமுனையில் ஒரு ஆபீஸில் வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்களாம்.

நானும் கூட வருகிறேன் என்றேன்.

"வூட்டுக்குள்ள பொத்தி வைக்கவாம்மா இத வெச்சோம்?"

எழுந்து போய், சாத்தி வைத்திருந்த கதவைத் திறந்துவிட்டேன்.

திங்கட்கிழமை அவளைத் தனியாக ரயிலேற்றிவிடுவேன். பின்னாலேயே அடுத்த வண்டியில் ஏறமாட்டேன். பயப்படமாட்டேன் என்று உங்களிடம் சத்தியம் செய்ய முடியாது. பயந்துகொண்டேதான் விடுவேன், ஆனால் விடுவேன் மாமா.

வாணியின் அம்மா,
உங்கள் பொண்டாட்டி தனம்