உனக்குப் பதிலாகப் பேசியது

அன்புள்ள தங்கை கொளஞ்சிக்கு,

நேரில் சொல்லக் கூசுகிறது.

கல்லூரியில் முப்பது ஆண்டுகள் தத்துவம் நடத்தினேன். வேறுபாடுகள் முடிவில் ஒரே முழுமைக்குள் அடங்கும் என்றார்கள் ஜெர்மானியத் தத்துவவாதிகள். வேறுபாடு எதற்குள்ளும் அடங்காது, ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் பேசுவதே தவறு என்றார்கள் பிற்காலப் பிரெஞ்சுக்காரர்கள். நான் பிரெஞ்சுக்காரர்கள் பக்கம் என்றே நம்பியிருந்தேன்.

நேற்று நீ வேலை செய்யும் உப்பளத்தில் குறை கேட்க வந்த அதிகாரியிடம், “உப்பில் வெடித்த எங்கள் கால்கள்” என்று ஆரம்பித்தேன். பேச எழுந்த உன்னைக் கையமர்த்தினேன்.

“ஏண்ணா, என் கால் வலிய நீயே சொல்லிட்டா நான் எதுக்கு வந்தேன்?” என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நீ உட்கார்ந்துவிட்டாய். என் காலில் ஷூ இருந்தது.

வெள்ளிக்கிழமை அந்த அதிகாரி மறுபடியும் வருகிறார். பேசுபவர் பெயர் கேட்கிறார்கள். உன் பெயரைக் கொடுக்கட்டுமா? உன்னைக் கேட்காமல் இந்த முறை எதையும் எழுத மாட்டேன்.

உன் அண்ணன்