மாமா கொடுத்த நற்சான்று

பாலாவுலி, சவாயித் தீவு
ஞாயிறு, கோயில் சாப்பாடு முடிந்தபின்

அன்பு மகள் பெனினாவுக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே எல்லோரும் சுகம், உன் மாமா சாவேலியோவின் முழங்காலைத் தவிர. பிரிஸ்பேன் குளிரில் நீ காலுறை போட்டுக்கொண்டு தூங்குகிறாய் என்று நம்புகிறேன். நான் சொல்லச் சொல்ல உன் தங்கை லூபே ஃபோனில் அடிக்கிறாள், உன் ஃபோன் நம் பாஷையைக் கடித்துக் கடித்து வெள்ளைக்காரி மாதிரி உனக்குப் படித்துக் காட்டும், பொறுத்துக்கொள்.

பார்வையில்லாத மாணவர்களை வேலைக்குத் தயார்செய்ய உன் பல்கலைக்கழகம் படுகிற பாட்டை நீ சொன்னதிலிருந்து கோயிலில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லி வருகிறேன். வேலைக் காலியிடங்களை உங்களுக்காகவே தனியாக, கண்ணாடிச் சுவரில், அழகான எழுத்தில் ஒட்டியிருக்கிறார்களாமே, எவ்வளவு அக்கறை. நேர்முகத்தில் எதிரில் இருப்பவர் கண்ணை நேராகப் பார்க்கவேண்டும் என்று ஒரு நாள் முழுக்கப் பாடம் நடத்தினார்களாம். பெரியவர்கள் கண்ணைப் பார்க்காதே என்று உன்னை வளர்த்தவள் நான், அந்த ஒரு விஷயத்திலாவது நீ சொன்ன பேச்சைக் கேட்டாய் என்று இருந்தேன், அதையும் கெடுத்துவிட்டார்கள். உன்னைப் பற்றி நீயே புகழ்ந்து பேசு என்றும் சொன்னார்களாம். அதைக் கேட்டு உன் மாமா, "அடக் கடவுளே, அதுக்குத்தானே வீட்டுல பெரியவங்க இருக்கோம்" என்று வருத்தப்பட்டார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன், உட்கார்ந்து கேள். நற்சான்று சொல்ல உங்கள் சமூகத்தில் மதிப்புள்ள ஒருவர் பெயரைக் கொடு என்று உன் பல்கலைக்கழகத்து வேலைவாய்ப்பு அம்மாள் சொன்னதால் நீ மாமாவின் பெயரைக் கொடுத்தாய் அல்லவா. வியாழக்கிழமை நீ வேலைக்கு எழுதிப்போட்ட ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் ஃபோன் செய்தாள். மாமா, கொஞ்சம் இருங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய், விசேஷத்துக்குக் கட்டும் துணியைக் கட்டிக்கொண்டு, ஊர்க்கூட்டத்தில் பேசும்போது பிடிக்கும் பேச்சாளர் கோலை எடுத்து ஊன்றி நின்றுகொண்டுதான் பேச ஆரம்பித்தார். அவருடைய ஆங்கிலம் உனக்குத் தெரியும், மெதுவானாலும் தெளிவு. உங்கள் ஆஸ்பத்திரி சூரியன், நாங்கள் தூசி என்று தொடங்கினார். எங்கள் பெண்ணுக்குக் கண் தெரியாது, வேறு எதுவும் தெரியாது, ஏழை வீட்டில் வளர்ந்தது, உங்கள் வாசலில் நிற்கக்கூடத் தகுதியில்லாததை அனுப்பத் துணிந்தோம், மன்னிக்கவேண்டும் என்று முடித்தார். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது, அவ்வளவு அழகு. அவள் நன்றி என்ற ஒரே வார்த்தையோடு வைத்துவிட்டாள். மாமா கோலைச் சாய்த்துவிட்டு, "ஆச்சு தெலேசியா, வாயடைச்சுப் போயிட்டா. வேலை நமக்குத்தான்" என்றார். நானும் அடுப்பில் கோக்கோ வைத்தேன்.

லூபே முகம் மட்டும் வெளுத்துவிட்டது. ஒன்பதாம் வகுப்போடு நின்றவள், வகுப்பில் பேர் கூப்பிட்டாலே பெஞ்சுக்கு அடியில் போகிறவள். ஆனால் வாராவாரம் நீ ஃபோனில் நேர்முகம் பழகும்போது அதிகாரியாக நடிப்பவள் இவள்தானே, அங்கே என்ன எதிர்பார்ப்பார்கள் என்று இவளுக்குத் தெரியும். "அம்மா, மாமா அக்கா வேலையைத் தொலைச்சுட்டாரு" என்றாள். இதை அடிக்கமாட்டேன் என்கிறாள், அடிடீ.

மறுநாள் காலையில் சமையல் கொட்டகைக்குப் பின்னால் போய் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு அந்த நம்பருக்கு இவளே கூப்பிட்டிருக்கிறாள். நான் தேங்காய் துருவுகிற சாக்கில் கேட்டேன். எங்கள் ஊரில் கொடுக்கிற பொருள் எவ்வளவு நல்லதோ அவ்வளவு மட்டமாகச் சொல்லித்தான் கொடுப்போம் என்றாள். அக்காவைவிட மட்டமாக மாமா பேசியது ஒரே ஒரு தடவை, போதகர் வந்தபோது கொடுத்த பன்றியைப் பற்றி, அதைத் தூக்க ஆறு பேர் வந்தார்கள் என்றாள். அந்தப் பெண் சிரித்தது எனக்கே கேட்டது. அப்படியானால் உன் அக்காவைப் பற்றி நீ சொல் என்று கேட்டாளாம். இவள் வெகுநேரம் சுவரைச் சுரண்டிக்கொண்டு நின்றாள். பிறகு, "யாரு பேசினாலும் அவங்க பேசி முடிக்கிற வரைக்கும் அக்கா காத்திருப்பா. என்கிட்ட அப்படிக் காத்திருக்கறது அவ ஒருத்திதான்" என்றாள். பயந்துகொண்டு வருகிற நம் தீவுக் குடும்பங்களோடு பேசுவதற்குத்தானே உன்னை எடுக்கப் பார்க்கிறார்கள், அந்தப் பெண் இதை எழுதிக்கொண்டாளாம். சான்று சொன்ன இவள் பதவியை என்னவென்று போடுவது என்று கேட்டதற்கு, தங்கை என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

இந்த வாரம் உன்னையே நேரில் கூப்பிடுவார்களாம். கண்ணைப் பார்க்கச் சொன்னார்கள் என்று எங்கேயாவது தேடிக்கொண்டு இருக்காதே, காதைக் கொடு, அது போதும். மாமாவிடம் எதையும் சொல்லாதே, தன் பேச்சால்தான் வேலை என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். கிடைத்தால் அப்படியே இருக்கட்டும், கிடைக்காவிட்டால் உன் படுக்கைப் பாயை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. காலுறையை மறக்காதே. ஆண்டவர் உன் கூடவே நடப்பார்.

இப்படிக்கு,
ஒன்றுக்கும் உதவாத இரண்டு பெண்களைப் பெற்ற
உன் அம்மா தெலேசியா