மூன்றாவது மூட்டை

மட்டாஞ்சேரி
12.6.1986

அன்புள்ள ஒச்சம்மாளுக்கு,

இங்கே மழை பிடித்துக்கொண்டது, மற்றபடி எனக்கு ஒரு குறையுமில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? நம் குட்டி செல்வி ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

ஒரு வேடிக்கை கேள். ஜூ டவுனுக்கு, அதாவது இங்குள்ள யூதர் தெருவுக்கு வந்த வெள்ளைக்காரன் ஒருவன் கியர் வைத்த மலை சைக்கிளை எங்கள் கிடங்கு வாசலில் நிறுத்தினான். கேட்டு வாங்கி மிதித்துப் பார்த்தேன். நம் சைக்கிளில் மிதி ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் இரண்டரைச் சுற்று ஓடும், மேடானாலும் அதேதான். அவனுடையதில் பின்னாலுள்ள பெரிய பல் சக்கரத்துக்கு மாற்றினால் ஒரே சுற்றுதான். வேகம் இருக்காது, காலும் நோகாது.

கியருக்கு நான் எங்கே போக? என் சைக்கிளின் பின்னால் கொஞ்சம் பெரிய பல் சக்கரம் மாட்டினேன். சமதரையில் ஊர்கிறது. ஆனால் இரண்டு சுக்கு மூட்டையோடு தோப்பும்படி பாலத்தை இறங்காமலே ஏறிவிட்டேன். முதலாளி ஹம்சாக்கா (இங்கே அண்ணனை 'இக்கா' என்பார்கள்) அதைப் பார்த்துவிட்டார். மறுநாளே மூன்றாவது மூட்டையைத் தூக்கி வைத்தார். இப்போது பாலத்திலும் பழைய மூச்சிரைப்பு, சமதரையிலும் தாமதம். சிரிக்காதே.

செல்வியின் காதுகுத்துக்கு லீவு கேட்டேன்.

"நீ போயால் மூணு சாக்கை ஆரு பாலம் கடத்தும்? மழை களியட்டும்டா" என்றார் தன் மலையாளத் தமிழில். மழைக்காலம் முடியும்வரை லீவு கிடையாதாம்.

மடியில் வைப்பது உன் அண்ணன்தானே, நாளைத் தள்ளிப்போட வேண்டாம். இங்கே எல்லாம் தேங்காயெண்ணெய். யாராவது வந்தால் கொஞ்சம் நல்லெண்ணெய் கொடுத்தனுப்பு.

மூட்டை ஏற்றக் கூப்பிடுகிறார்கள். காது குத்தும்போது யாரைத் தேடி அழுதாள் என்று மட்டும் எழுது.

தவசி