ஜும்ஆ வேளையில் அடைத்த ஓட்டை

அன்புள்ள நளீராவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உன் முழங்கால் வலி குறைந்ததா? தோஹாவில் நான் சுகம்.

ஒரு சின்னச் சண்டை. கம்பெனித் தொலைபேசிகளை இயக்கும் கணினியின் கேர்னலில், அதாவது அதன் அடிப்படை மென்பொருளில், களவாக நுழையக்கூடிய ஓட்டை இருப்பதாக அறிவிப்பு வந்தது. அடைப்பதற்குத் தொலைபேசிகளைக் கொஞ்ச நேரம் நிறுத்தவேண்டும். மேனேஜர் ஷிராஸ் நாள் கடத்திக்கொண்டே இருந்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை வேளையில் பதுளைக் கடைவீதி வெறிச்சோடுவது போல, இங்கேயும் யாரும் அழைக்கமாட்டார்கள் என்று நினைத்து நானே நிறுத்தி அடைத்துவிட்டேன். லண்டன் வாடிக்கையாளர்களுக்கு அது வேலை நேரமாம்; அழைத்தவர்களுக்கு லைன் கிடைக்கவில்லையாம்.

"நானா, மன்னிப்பு எழுதித் தாங்க. இல்லாட்டி ஊருக்கு டிக்கட் போடுறேன்." அண்ணன் முறை சொல்லியே மிரட்டினான் ஷிராஸ்.

"ஓட்டையத் தொறந்து வச்சவன் நீ. நீ எழுது."

ஞாயிறு வரை தவணை தந்திருக்கிறான். எழுதமாட்டேன். நீ பயப்படாதே. நம் பண்டாரவளையில் இப்போது குளிரா? என் ஸ்வெட்டரை மட்டும் வெயிலில் போட்டு வை.

அவசரத்தில்,
ஜாபிர்