ஓட்ட ஆளில்லாமல் நின்ற ஆம்புலன்ஸ்

மண்ணுக்கடியில் வலியில்லாமல் உறங்குகிறீர்கள் என்று நான் நம்பிக்கொண்டிருக்கும் என் வாப்பாவுக்கு, உங்கள் மகளின் ஸலாம்.

இந்த வருஷமும் பழைய ராணுவ வண்டிக்காரர்களின் கூட்டம் நடந்தது. அதே பரேல் மைதானம், அதே ஞாயிற்றுக்கிழமைக் காலை. உங்கள் வண்டியும் போனது. நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். பக்கத்தில் உம்மா.

நம்ப முடிகிறதா? நீங்கள் இருந்தவரை அந்த வண்டியின் படியில்கூடக் கால் வைக்காதவள் உம்மா. தாராவியில் தோல் பை தைக்கிற மனுசனுக்கு ராணுவ ஆம்புலன்ஸ் எதற்கு என்று அவளும் கேட்டாள், தெருவும் கேட்டது. குர்லாவில் காயலான் கடைக்காரர் உடைக்க வைத்திருந்ததை வாங்கி வந்து, நைன்ட்டி ஃபீட் ரோட்டில் தகரக் கொட்டகை போட்டு நிறுத்தினீர்கள். "இதுல படுத்து வந்தவன்ல ஒருத்தனாவது பொழச்சு வீட்டுக்குப் போயிருப்பாம்லா. அத வெட்டிப் போட மனசு வரல" என்றீர்கள். அதற்கு மேல் யாருக்கும் நீங்கள் பதில் சொன்னதில்லை.

பச்சைப் பெயின்ட் அடித்தீர்கள். கதவில் சிவப்புச் சிலுவையை நீங்களே வரைந்தீர்கள். துடைக்கலாம், கழுவலாம், உள்ளே ஏறி உட்காரலாம், எதற்கும் தடையில்லை. ஸ்டியரிங்கை மட்டும் யாரும் தொடக்கூடாது. நான் லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வந்து நின்றபோதுகூடச் சிரித்தீர்கள். "முரட்டு வண்டி பிள்ள. உன் கைக்கு அடங்காது."

அந்தக் காலையைப் பற்றி உங்களிடம் சொல்லியாக வேண்டும் வாப்பா. உங்களுக்கு நினைவு தப்பியிருந்தது, உங்களுக்குத் தெரியாது.

விடியற்காலை பஜ்ர் தொழுதுவிட்டு வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள். போன் போட்டோம். ஆம்புலன்ஸ் வருகிறது, வருகிறது என்றார்கள். எங்கேயோ டிராபிக்கில் நின்றுவிட்டது. அதற்கு மேல் காத்திருக்க முடியாமல், தோல் விரிக்கிற ரெக்ஸின் ஷீட்டில் உங்களைக் கிடத்தி, பக்கத்துப் பட்டறைப் பையன்கள் நான்கு மூலையையும் பிடித்துக்கொள்ள, சந்து வழியாக ஓடினோம். மெயின் ரோடு வந்ததும் எதிரே கொட்டகையில் உங்கள் வண்டி நின்றது. முந்தின வாரம்தான் கழுவித் துடைத்திருந்தீர்கள். சாவி உங்கள் சட்டைப் பையிலேயே இருந்தது. காரில் பழகிய எனக்கும் சரி, பையன்களுக்கும் சரி, அதை ஓட்டத் தெரியாது. அதைத் தாண்டி ஓடித்தான் டாக்ஸியைக் கை காட்டி நிறுத்தினோம்.

ஆஸ்பத்திரி வாசலில் உங்களை இறக்கும்போது கை சில்லென்றிருந்தது. கொஞ்சம் முன்னால் கொண்டு வந்திருந்தால் பிழைத்திருப்பார்களா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். முடியாது என்று சொல்லியிருக்கலாம். முடியும் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். சொல்ல முடியாது என்பதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்ததும் வண்டியை ஓட்டப் பழகினேன். ஏதோ வைராக்கியம் பிடித்தவள் மாதிரி, விடியற்காலையில் உங்கள் சிநேகிதர் செல்லத்துரை மாமாவை எழுப்பிப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வேன். கியர் மாற்ற கிளச்சை இரண்டு முறை மிதிக்க வேண்டியிருந்தது. தோள்பட்டை வீங்கிப் போனது. ஆனால் அடங்கியது வாப்பா. நீங்கள் சொன்ன மாதிரி ஒன்றும் இல்லை. நன்றாகப் பழகிய பிறகும் தினம் ஒரே ரோட்டில்தான் ஓட்டினேன். கொட்டகையிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரை. மாமா ஒருநாளும் ஏன் என்று கேட்கவில்லை.

இதற்கிடையில் கொட்டகையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். நம் சந்து வீடுகளையும் சேர்த்து இடித்துக் கட்டப் போகிறார்களாம். நாங்கள் டோம்பிவிலியில் வாடகைக்கு வீடு பார்த்திருக்கிறோம். அங்கே ஸ்கூட்டர் நிறுத்தவே சண்டை. வண்டியை விற்றுவிடு என்று உம்மா தினமும் சொன்னாள். முடியாது என்று நானும் தினமும் சொன்னேன். கடைசியில், "கூட்டத்துக்குத்தான ஓட்டிட்டுப் போற? நானும் வாரேன். வாங்கறவன் எவனாச்சும் இருப்பான்" என்று புர்கா மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கிங்ஸ் சர்க்கிள் தாண்டும்போது பூக்கடைக்காரர்கள் சலாம் வைத்தார்கள். வண்டிக்குத்தான் வைத்தார்கள். உள்ளே நீங்கள் இல்லை என்பதைக் கிட்டே வந்த பிறகுதான் பார்த்தார்கள்.

மைதானத்தில் வரிசையாக ஜீப்புகள், சைடுகார் வைத்த மோட்டார் சைக்கிள்கள், தண்ணீர் லாரி ஒன்று. காக்கித் தொப்பி போட்ட பெரியவர்கள். செல்ஃபி எடுக்கிற கூட்டம். நம் வண்டியைப் பார்த்ததும் விலகி வழி விட்டார்கள். ஒருவர் வந்து நடு வரிசையைக் காட்டினார். உங்கள் இடத்தை அப்படியே காலியாக விட்டு வைத்திருந்தார்கள்.

அணிவகுப்புக்கு முன்னால் மைக்கில் உங்கள் பெயரைச் சொன்னார்கள். காதர் சாப் இந்த வருஷம் நம்மோடு இல்லை என்றார்கள். உறுமிக்கொண்டிருந்த வண்டிகள் ஒவ்வொன்றாக எஞ்சினை அணைத்தன. கடைசி ஜீப்பும் அடங்கிய பிறகு, தூரத்தில் லோக்கல் ரயில் போகும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஏன் பிள்ள எல்லாம் நின்னு போச்சு?" என்றாள் உம்மா.

"வாப்பாவுக்காக உம்மா."

கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "இத்தன பேருக்கு இவுகளத் தெரியுமா? என்கிட்ட ஒரு பேரச் சொன்னதில்லயே."

ஏன் சொல்லவில்லை வாப்பா? அவள் கேட்டிருக்க மாட்டாள் என்று நினைத்தீர்களா?

அணிவகுப்பு முடிந்து நிறுத்தியதும், உம்மா தானாகவே இறங்கிப் பின்கதவைத் திறந்து உள்ளே ஏறினாள். ஸ்ட்ரெச்சரின் வார்களைத் தொட்டுப் பார்த்தாள். நீங்கள் தைத்துப் போட்ட தோல் வார்கள். அந்தப் பக்கம் ஒரு படுக்கை, இந்தப் பக்கம் ஒரு படுக்கை, நடுவில் ஆள் உட்காரப் பலகை. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"இவ்வளவு எடம் இருந்திருக்கே."

நான் வெளியே வந்து நின்றுகொண்டேன்.

அப்போதுதான் நாசிக்கிலிருந்து வந்திருந்த ஒருவர் அணுகினார். நான்கைந்து பழைய வண்டிகள் வைத்திருப்பவர், உங்களை நன்றாகத் தெரியும் என்றார். ஒருமுறை உட்கார்ந்து பார்க்கலாமா என்று மரியாதையாகக் கேட்டார். நல்ல உயரமான மனிதர். உங்கள் சீட்டில் நீங்கள் போட்டிருந்த தோல் மெத்தையோடு உட்கார்ந்தால் தலை கூரையில் இடித்தது. மெத்தையை எடுத்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். அதன் நடுவில் நீங்கள் உட்கார்ந்த பள்ளம் இருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இறங்குங்கள், விற்பதற்கில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். உம்மா என் கையைப் பிடித்து வண்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"குடுத்துரு."

"என்னால முடியாது உம்மா. இப்பத்தான் ஓட்டப் பழகிருக்கேன்."

"பழகி? தெனம் விடிய முன்ன எங்க போற, எங்க வாரன்னு எனக்குத் தெரியாதா? செல்லத்துரை அண்ணன் வந்து சொல்லி அழுதாக." அவள் குரலில் கோபமே இல்லை. "யாரை ஏத்திட்டுப் போகப் போற பிள்ள? ஏத்த வேண்டியவுக போயாச்சு."

உங்களை அடக்கிய அன்றுகூட நான் அப்படி அழவில்லை வாப்பா. இத்தனை ஜீப்புகளுக்கும் நடுவில், வண்டியின் பின் சக்கரத்தில் சாய்ந்துகொண்டு, வாய்விட்டு அழுதேன். உம்மா கண்ணைத் துடைத்துவிடவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. பக்கத்தில் புல்தரையில் உட்கார்ந்துகொண்டாள். முடியட்டும் என்று இருந்தாள்.

பிறகு நானே போய் நாசிக்காரரிடம் சரி என்றேன். வண்டியை ஓட்டிக்கொண்டே இருப்பேன், வருஷாவருஷம் இங்கே கொண்டு வருவேன் என்று அவர் சொன்னார். உம்மா எங்கள் நடுவே வந்தாள். பம்பாயில் இத்தனை காலம் இருந்தும் அவள் இந்தி உங்களுக்குத் தெரிந்ததுதானே. "ஏக் பாத் பாயி. கர் மே சப்கோ சலானா சிக்காவ். பீவி கோ பி, பேட்டி கோ பி."

வீட்டில் எல்லோருக்கும் ஓட்டச் சொல்லிக் கொடு, பெண்டாட்டிக்கும் மகளுக்கும். அவர் முதலில் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தார். உம்மா முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "ஜரூர், மாஜி", கண்டிப்பாக அம்மா என்று தலை குனிந்தார்.

வண்டி மைதானத்து வாசலைத் தாண்டித் திரும்பும்வரை நின்றோம். கியர் மாற்றும்போது ஒருமுறை கரகரத்தது. அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. நாங்கள் பஸ் பிடித்து சயான் வந்து, அங்கிருந்து நடந்தோம். வீட்டுக்குள் நுழைந்ததும் உம்மா, "அவுகளுக்கு அங்க நல்ல மரியாத" என்றாள். அவ்வளவுதான்.

அடுத்த மாதம் டோம்பிவிலி போகிறோம். அங்கிருந்து செம்பூரில் நான் வேலை பார்க்கிற லேபுக்கு வரவே இரண்டு ரயில் மாற வேண்டும். ஆனாலும் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை உம்மாவைக் கூட்டிக்கொண்டு மைதானத்துக்கு வந்துவிடுவேன். கயிற்றுக்கு வெளியே, வேடிக்கை பார்க்கிறவர்களோடு நிற்போம். வேறு யாரோ ஓட்ட அந்த வண்டி எங்களைத் தாண்டிப் போகும். போகும்வரை உங்களுக்காக துஆ செய்வோம். உங்கள்மேல் எனக்குக் கோபம் தீர்ந்துவிடும் என்று வாக்குத் தர முடியவில்லை வாப்பா. வருவேன் என்று மட்டும் தருகிறேன்.

உங்கள் ஒரே மகள்,
ஷமீமா