பன்னிரண்டாயிரத்து எழுநூறு ரூபாய்

கிட்வாய் நகர்,
புது தில்லி.
11.10.98, ஞாயிறு

அன்புள்ள கதிரவன் அவர்களுக்கு,

வணக்கம். நெய்வேலியில் நீங்களும் அத்தை மாமாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே காலையில் லேசாகக் குளிர் தட்ட ஆரம்பித்துவிட்டது. மின்விசிறியை ஒன்றில் வைப்பதா நிறுத்துவதா என்று வீட்டில் தினமும் தகராறு.

உங்கள் கடிதம் வந்து பதினாறு நாள் ஆகிறது. பதில் எழுதத் தாமதமானதற்குப் போன ஞாயிற்றுக்கிழமைதான் காரணம். அன்றைக்குத் துக்ளகாபாத்தில் தில்லி மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டி. அது முடியும்வரை பேனாவைத் தொடுவதில்லை என்று இருந்தேன். முடிந்துவிட்டது. பெண்கள் பிரிவில் நான் முதலாவதாக வந்தேன். நானூறுக்கு முந்நூற்று எண்பத்தைந்து. இதைக் கடிதத்தின் கடைசியில் அடக்கமாக ஒரு வரியில் சொல்ல வேண்டும் என்று நேற்றுவரை நினைத்திருந்தேன். முடியவில்லை, மன்னியுங்கள்.

இனி உங்கள் கேள்வி. ‘உங்கள் பொழுதுபோக்குக்கான செலவு முழுவதையும் அரசாங்கமே ஏற்றுக்கொள்வதாக உங்கள் அப்பா சொன்னார். கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தால் அந்தச் சலுகை தொடருமா? இல்லையென்றால் வருடத்துக்கு எவ்வளவு ஆகும்?’ என்று எழுதியிருந்தீர்கள். சுற்றி வளைக்காமல் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. பொழுதுபோக்கு என்ற சொல்லும் பரவாயில்லை. என்னிடமும் வேறு சொல் இல்லை.

ஆனால் அரசாங்கம் இதற்காக எனக்கு ஒரு பைசாகூடக் கொடுத்ததில்லை. என் அலுவலகத்தில் நான் சுடுகிறேன் என்பதே இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறாய் என்று யாராவது கேட்டால் ‘வெளியே’ என்று சொல்லிப் பழகியவள் நான்.

உங்கள் கடிதத்தை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை படித்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பெண் பார்க்க வந்த அன்று உங்கள் சுப்பையா மாமா, இந்தத் துப்பாக்கிக்கெல்லாம் ரொம்பச் செலவாகுமே என்று கேட்டாராம். “நான் என்னட்டி செய்ய? அவ்வொ கேக்காவ. ‘அதெல்லாம் கவர்மென்ட் பாத்துக்கிடும்’னு வாய் தானா சொல்லிட்டு” என்றார் அப்பா. எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. முப்பத்தோரு வருடமாக மத்திய அரசு ஊழியர். குடியிருக்கும் வீடு அரசாங்கம் கொடுத்தது, காய்ச்சலுக்கு மாத்திரை அரசாங்க டிஸ்பென்சரியில், ஊருக்குப் போகிற ரயில் டிக்கெட்டுக்கும் அலுவலகத்தில் பில் போடுவார். இந்த ஒன்றை மட்டும் நாமே செலவழிக்கிறோம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பொய் சொல்ல வேண்டும் என்று சொன்னதல்ல. அவர் பழக்கம் அப்படிச் சொல்ல வைத்துவிட்டது.

“இப்போ எழுதாத. கல்யாணம் முடியட்டும். பொறவு பக்குவமா சொல்லிக்கிடலாம்” என்பது அப்பாவின் யோசனை. அம்மா சமையலறையிலிருந்தே “எழுதுட்டி” என்றாள். எனக்கே ஆச்சரியம். என் துப்பாக்கியை இத்தனை நாள் திட்டியது அம்மா ஒருத்திதான். வெங்காயம் கிலோ நாற்பது ரூபாய்க்குப் போனதிலிருந்து, “ஊர்ல அவனவன் வெங்காயத்துக்குச் சாவுதான், இவ ஈயத்தைக் காசு குடுத்து வாங்கிக் காயிதத்தைச் சுடுதா” என்று காய்கறிக்காரனிடம்கூடச் சொல்லியிருக்கிறாள். அதே அம்மா கரண்டியோடு வெளியே வந்து, “எல்லாத்தையும் எழுது. எனக்கு வளையல் வாங்க வச்சிருந்த அரியர்ஸ்லதான் அந்தத் துப்பாக்கி வந்துச்சுன்னும் எழுது. நாளைக்கு ஒங்க மாமியா ‘மறைச்சுட்டாவ’ன்னு ஒரு வார்த்தை சொல்லிரப்பிடாது” என்றாள்.

ஆகவே எழுதுகிறேன். போன வருடம் ஐந்தாவது சம்பளக் கமிஷன் அரியர்ஸ் வந்தபோது, அப்பாவுடையதையும் என்னுடையதையும் சேர்த்து முப்பத்திரண்டாயிரத்துக்கு ஒரு பழைய ஜெர்மன் ஏர் ரைபிள் வாங்கினோம். அது ஒருமுறை செய்கிற செலவு. அம்மாவின் வளையலை நான் இன்னும் வாங்கிக் கொடுக்கவில்லை.

வருடா வருடம் ஆவது இது. போட்டிக்கான நல்ல குண்டு பத்து டப்பா, இரண்டாயிரத்து ஐந்நூறு. பயிற்சிக்கு நம் ஊர்க் குண்டு இருபது டப்பா, ஆயிரத்து இருநூறு. நல்ல குண்டிலும் எல்லாம் ஒன்றல்ல. என் குழலுக்கு ஒரு குறிப்பிட்ட தயாரிப்பு எண் போட்ட டப்பாதான் ஒத்துவரும். அதைத் தேடி வாங்க வேண்டும். சுடும் அட்டைகள் ஆயிரத்து ஐந்நூறு. மைதானக் கட்டணம் ஆயிரத்து இருநூறு. பஸ் அறுநூறு. போட்டிகளுக்கு நுழைவுக் கட்டணம் எண்ணூறு. வெளியூர்ப் போட்டி ஒன்றுக்கு ரயிலும் தங்கலும் சேர்த்து இரண்டாயிரத்து ஐந்நூறு. கித்தானும் தோலும் வைத்துத் தைத்த விறைப்பான ஜாக்கெட்டும் கால்சட்டையும் நாலு வருடம் வரும். வருடத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு என்று வையுங்கள். ரிப்பேர் தொள்ளாயிரம். ஆக மொத்தம் பன்னிரண்டாயிரத்து எழுநூறு ரூபாய். கையில் வாங்கும் சம்பளத்தில் இரண்டரை மாதம்.

சேலை, சினிமா, சரோஜினி நகர் செருப்பு எல்லாவற்றிலும் பிடித்துத்தான் இது நடக்கிறது. வீட்டுக்குக் கொடுக்கிற பணத்தில் நான் கை வைத்ததில்லை.

குண்டு விலை அதிகம் என்பதால் பாதிப் பயிற்சி குண்டே இல்லாமல்தான். காலை ஐந்து மணிக்கு எழுந்து எதிர்ச் சுவரில் அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டி, அதைக் குறிபார்த்து வெறும் துப்பாக்கியின் விசையை இழுப்பேன். கூடம் சின்னது. அம்மா பால் வாங்கப் போக வேண்டுமென்றால் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். “ஏட்டி, எறக்கு, எறக்கு. பால்காரன் போயிருவான்” என்று குனிந்து ஓடுவாள். துப்பாக்கியில் ஒன்றுமில்லை என்று நூறு தடவை சொல்லியாகிவிட்டது. குனிவதை மட்டும் நிறுத்தவில்லை.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமை. அப்பா முதல் தடவையாக என்னோடு மைதானத்துக்கு வந்தார். உங்கள் கடிதத்துக்குப் பிறகு அவர் என்னிடம் சரியாகப் பேசவில்லை. அன்று காலை அவராகவே சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். மைதானத்தில் குண்டு விற்கிறவரிடம் ஒரு டப்பா வாங்கியதும், “ரசீத் தீஜியே” என்று கை நீட்டினார். அந்த மனிதர் பத்து வருடத்தில் யாருக்கும் ரசீது எழுதியதில்லை போலிருக்கிறது, என்னையே பார்த்தார். எதற்கப்பா ரசீது என்றேன். “ரசீது இல்லாம எப்பிடிட்டி கிளெய்ம் பண்ண?” என்றார். யாரிடம் என்று கேட்டதும்தான் அவருக்கு உறைத்தது. இருவரும் சிரித்துவிட்டோம். பத்து நாளைக்குப் பிறகு சேர்ந்து சிரித்தது அப்போதுதான்.

பத்து மீட்டர் தூரத்தில் உள்ளங்கை அளவு அட்டை. நடுவே கறுப்பு வட்டம். பத்து மதிப்பெண்ணுக்கான இடம் ஒரு முற்றுப்புள்ளி அளவுதான். எழுபத்தைந்து நிமிடத்தில் நாற்பது முறை சுட வேண்டும். எனக்குப் பக்கத்துத் தடத்தில் சுநீதா. தில்லி போலீஸ் கான்ஸ்டபிள், ஹரியானாவில் ரோத்தக் ஊர்க்காரி. அவளுக்கு நிஜமாகவே எல்லாவற்றையும் இலாகா கொடுக்கிறது. நான் சொந்தப் பணம் போடுகிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து என்னைப் ‘பக்லி’ என்றுதான் கூப்பிடுவாள். பைத்தியக்காரி என்று அர்த்தம். பிரியமாகத்தான்.

முப்பது முறை சுட்டு முடித்தபோது இருநூற்று எண்பத்தொன்பது. எனக்கு அது மிக நல்ல கணக்கு. முப்பத்தொன்றாவது முறை மூச்சைப் பாதி விட்டு நிறுத்தியிருந்தேன். அந்த நேரம் பார்த்து, ‘சலுகை தொடருமா’ என்ற உங்கள் எழுத்து கண்முன் வந்தது. துப்பாக்கியை இறக்கியிருக்க வேண்டும். இறக்காமல் விசையை இழுத்துவிட்டேன். ஏழு. மாநிலப் போட்டியில் ஏழு வாங்குகிறவள் ஜெயிப்பதில்லை.

மீதி பதினாறு நிமிடம் இருந்தது. துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆறு நிமிடம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு மயக்கம் வந்துவிட்டதாக அப்பா நினைத்தாராம். “எனக்கு உசுரே போயிட்டு” என்று பிறகு சொன்னார். நான் வேறொன்றும் செய்யவில்லை. உங்களுக்கு என்ன எழுதுவது என்று யோசித்தேன். அப்பா சொன்னதையே நானும் எழுதினால், வருடம் முழுக்க அந்தப் பணத்தை உங்களுக்குத் தெரியாமல் ஒளித்து ஒளித்துச் செலவழிக்க வேண்டும். ஒவ்வொரு டப்பாவையும் பீரோவில் துணிக்கு அடியில் வைக்க வேண்டும். உண்மையை எழுதினால் இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று உங்கள் வீட்டில் சொல்லலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உண்மையை எழுதுவது என்று முடிவு செய்தேன். எழுந்து கையுறையை மாட்டினேன்.

ஒன்பது முறை பாக்கி. பத்து, பத்து, பத்து, ஒன்பது. அப்புறம் கடைசிவரை எல்லாமே பத்து. நாற்பதாவது குண்டு போனபோது கடிகாரத்தில் நாற்பது விநாடி மீதி. மதிப்பெண் பலகையில் சுநீதாவுக்கு முந்நூற்று எண்பத்து நான்கு. எனக்கு அதைவிட ஒன்று அதிகம். அவள் என் தலையில் நங்கென்று குட்டி, “பக்லி, தூனே தோ மார் டாலா!” என்று கத்தினாள், கொன்றுவிட்டாயே என்று. அப்பா பலகையை மூன்று தடவை படித்துவிட்டு, மதிப்பெண் தாளில் முத்திரை குத்திய நகல் கிடைக்குமா என்று கேட்கப் போய்விட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நிற்க இடமில்லை. அப்பா கண்டக்டரிடம் தானாகவே, “மேரி பேட்டி ஃபர்ஸ்ட் ஆயி ஹை” என்றார். மகள் எதில் முதலாவதாக வந்தாள் என்று அவன் கேட்டான். “பந்தூக் மே!” என்றார், ‘துப்பாக்கியில்’ என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி. உடனே மூன்று பேர் எழுந்து எங்களுக்கு இடம் விட்டார்கள். மரியாதையா பயமா தெரியவில்லை. சாதாரணமாக இப்படி நடந்தால் எனக்கு எங்காவது ஒளிந்துகொள்ளத் தோன்றும். அன்றைக்குத் தோன்றவில்லை. ஜன்னலோரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து வந்தேன்.

உங்களிடம் மறைக்க இனி ஒன்றுமில்லை. நான் இதை விடப் போவதில்லை. வேலையை விட்டுவிட்டு வந்தால் இந்தப் பணம் உங்கள் சம்பளத்திலிருந்து வர வேண்டியிருக்கும். அதைக் கேட்க எனக்கு மனம் வராது. அதனால் எங்கள் இலாகாவின் சென்னை அலுவலகத்துக்கு மாறுதல் கேட்டு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன். சனி ஞாயிறு நெய்வேலி. கல்யாணமான புதிதில் இப்படி ஒரு ஏற்பாட்டை எந்த வீட்டிலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று அப்பா சொல்கிறார். அத்தை மாமாவிடம் நீங்கள் பேச வேண்டியிருக்கும். சுலபமில்லை என்று தெரியும். உங்கள் பதில் வரும்வரை விண்ணப்பம் என் மேஜையிலேயே இருக்கும். வேண்டாம் என்று தோன்றினால் அதையும் எனக்கே நேராக எழுதுங்கள். தை முகூர்த்தத்துக்கு மண்டபம் சொல்லியிருந்தாலும் அப்பாவைச் சமாளிப்பது என் பொறுப்பு.

அதற்கு முன்னால் ஒரு வேண்டுகோள். இந்த மதிப்பெண்ணில் தேசியப் போட்டிக்குத் தேர்வாகிவிட்டேன். டிசம்பர் பதினெட்டு, வெள்ளிக்கிழமை, சென்னையில். காலை ஒன்பது மணிக்கு என் முறை. நெய்வேலியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தால் வந்துவிடலாமாம், விசாரித்தேன். பின்னால் பார்வையாளர்களுக்குப் பெஞ்சு போட்டிருப்பார்கள். கைதட்டக் கூடாது, பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. நீங்கள் வந்திருக்கிறீர்களா என்று எழுபத்தைந்து நிமிடமும் நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். அதைத் தப்பாக நினைக்க வேண்டாம்.

முடிந்த பிறகு எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வராது. அப்புறம் நிறையப் பேச வேண்டும் போலிருக்கும். தில்லி அணியோடுதான் வருகிறேன். நல்ல பெண்கள், ஆனால் எல்லோரும் இந்திக்காரர்கள். அந்த நேரத்தில் தமிழில் பேச ஒருவர் இருந்தால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
பூங்கோதை